முன்சக்கரம் இழுக்கவில்லை

கெடாவைப் பற்றி நம்மவர்கள் எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் ராஜேந்திர சோழனிடம்தான் போய் நிற்பார்கள். கடாரம், பூஜாங் பள்ளத்தாக்கு, கப்பல் படை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் தினமும் பார்க்கிற கெடா வேறு. அது முழங்கால் வரை சேறு ஏறுகிற கெடா. மூடா நீர்ப்பாசனப் பகுதி வயல்களில் ஓடும் டிராக்டர்களைப் பார்க்கும் ஒரு வெர்க்‌ஷாப்பில் சர்வீஸ் இன்ஜினியர் வேலை எனக்கு. மெக்கானிக்கல் படித்தது உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில். அங்கே நாங்கள் போட்ட கணக்குகளில் நிலம் என்பது ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சின்னச் சின்னச் சாய்கோடுகள் இழுத்துவிட்டால் போதும், அது அசையாத தரை. இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, அசையாத தரை என்று ஒன்று இந்த ஊரில் சாலையில் மட்டும்தான் இருக்கிறது.

எங்களிடம் வரும் புகார்களில் அடிக்கடி காதில் விழுவது மூன்று மலாய் வார்த்தைகள்: "டெப்பான் தாக் தாரிக்." முன்னால் இழுக்கவில்லை. ஃபோர் வீல் டிரைவைப் போட்டாலும் முன்சக்கரம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சொல்கிறவர் சொந்த நிலத்தில் உழும் மலாய்க்கார பாக்சிக்காக இருக்கலாம், கூலிக்கு உழுதுகொடுக்கும் சீனத் தவுக்கேயாக இருக்கலாம், தெற்குக் கெடா செம்பனைத் தோட்டத்து டிரைவர் அண்ணனாக இருக்கலாம். மூன்று பேரும் சொல்வது ஒரே வாக்கியம். மூன்று டிராக்டரிலும் இருப்பது வேறு வேறு வியாதி. சில சமயம் கழற்றிப் பார்த்தால் வியாதியே இருக்காது. பல் உடையவில்லை, தண்டு முறியவில்லை, எண்ணெய் சரி, ஒயர் சரி. ஆனாலும் இழுக்கவில்லை.

இப்படி உடைந்த பாகம் எதுவுமே இல்லாத பழுதுக்கு மேனுவலில் பதில் கிடைப்பதில்லை. "பரிந்துரைக்கப்பட்ட டயரைப் பயன்படுத்தவும்" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அதனால் நான் வேறு பக்கம் தேடப் போனேன். முன்சக்கரத்துக்கு இழுக்கும் வேலையை முதலில் யார் கொடுத்தார்கள், எந்த மண்ணுக்காகக் கொடுத்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, வெர்க்‌ஷாப்பில் நான் பார்க்கும் பழுதுகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கோ ஓர் ஊரில் யாரோ எடுத்த முடிவு ஒன்று இருப்பது தெரிந்தது. அந்த முடிவுகளில் ஒன்றுகூட மூடாவை மனதில் வைத்து எடுக்கப்பட்டதல்ல.

டிராக்டர் பிறந்தபோது முன்சக்கரத்துக்கு ஒரே வேலை, திருப்புவது. அதை இன்னும் உறுதியாக்கியவர் ஹாரி ஃபெர்குசன். கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுக்காமல் மூன்று புள்ளியில் டிராக்டரோடு பிணைத்து, மண் கலப்பையைப் பிடித்து இழுக்கும் விசையையே பின்சக்கரத்தின் மேல் பாரமாக விழச் செய்தார். சின்ன டிராக்டர், ஆனால் பெரிய டிராக்டரின் பிடிப்பு. 1946 முதல் 1956 வரை அவருடைய டி.இ.20 டிராக்டர் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்த மூன்று புள்ளி அமைப்பு இல்லாத வயல் டிராக்டர் இன்றைக்கு அரிது. கெட்டியான நிலத்தில் அது அற்புதம். பாரம் பின்னால் போகப் போக முன்பக்கம் லேசாகும், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை, முன்சக்கரம்தான் இழுப்பதில்லையே.

நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். இத்தாலியில் உகோ பவேசி, டிராக்டரை நடுவில் மடங்குகிற மாதிரி இரண்டு துண்டாகச் செய்து நான்கு சக்கரத்தையும் ஓட்டினார். அதை அந்நாட்டு ராணுவம் பீரங்கி இழுக்க எடுத்துக்கொண்டது. மாஸ்ஸி ஹாரிஸ் கம்பெனி 1930-இல் நான்கும் சம அளவுச் சக்கரமாக ஒரு டிராக்டர் விட்டது, பெரிதாகப் போகவில்லை. சிக்கல் எப்போதும் ஒரே இடத்தில்தான்: திரும்புகிற சக்கரத்துக்கு எப்படிச் சுழற்சியைக் கொண்டுபோவது? திருப்பவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். அந்த மூட்டு விலை அதிகம், சீக்கிரம் தேயும்.

விலையைக் குறைத்தது இரண்டாம் உலகப் போர். அமெரிக்கா ராணுவத்துக்காக ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரியை மட்டும் 5 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியது. போர் முடிந்ததும் அவை ஐரோப்பாவில் குவிந்து கிடந்தன. டூரின் நகரத்துக்குப் பக்கத்தில் செலேனே என்ற சின்னக் கம்பெனி அந்த லாரிகளின் முன் அச்சைக் கழற்றி, ஃபோர்ட்சன் டிராக்டருக்குக் கீழே பொருத்தி விற்றது. இங்கிலாந்தின் ரோட்லெஸ் கம்பெனி அந்த யோசனையை வாங்கி 1956-இல் அங்கே கொண்டுவந்தது. ரோட்லெஸ்ஸைத் தொடங்கிய பிலிப் ஜான்சன் முதலாம் உலகப் போரில் டாங்கி வடிவமைத்தவர். இதற்கு நான்கு வருடம் முன்னாலேயே, 1952-இல், ஃபிரான்செஸ்கோ கஸ்ஸானியின் சாமே கம்பெனி தொழிற்சாலையிலேயே நான்கு சக்கர இழுவை வைத்த டி.ஏ.25 டீசல் டிராக்டரை வெளியிட்டிருந்தது.

ஆக முன்சக்கர இழுவையின் ஒரு வேர் போர்க்கள லாரியில் இருக்கிறது. அந்த லாரி சாலையிலும் பனிச் சேற்றிலும் ஓடச் செய்யப்பட்டது. நாள் முழுவதும் அச்சு தண்ணீருக்குள் மூழ்கி நிற்க வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை. தண்ணீருக்குள் போகிற டிராக்டரை விளம்பரத்துக்குச் செய்து காட்டினார்கள் என்பது வேறு கதை. இங்கிலாந்தின் கவுண்டி கம்பெனி 1963-இல் "கடல் குதிரை" என்று பெயர் வைத்து ஒரு டிராக்டரைப் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக் கரை வரை ஆங்கிலக் கால்வாயில் மிதக்கவிட்டு ஓட்டியது. சம அளவு நான்கு பெரிய சக்கரம் அதற்கு. என் வேலையில் அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். கடலைத் தாண்டியது சரி, கெடாவில் ஒரு வயலின் மூலையில் திரும்பிக் காட்டட்டும்.

நெல் வயலைப் புரிந்துகொண்டு முன் அச்சு செய்தவர்கள் ஜப்பானியர்கள். குபோட்டா கம்பெனி திரும்பும் மூட்டை வெளியில் விடவில்லை. கிங் பின் இருக்கும் இடத்தில் பெவல் கியரை வைத்து, எல்லாவற்றையும் எண்ணெய் நிறைந்த பெட்டிக்குள் மூடிவிட்டது. சக்கரம் அதிகக் கோணம் திரும்பும், சேறு மூட்டைத் தொடாது. பிறகு வந்த இன்னொரு ஏற்பாட்டில், ஸ்டீயரிங்கை ஓர் அளவுக்கு மேல் ஒடித்தால் முன்சக்கரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றி வண்டியின் மூக்கை இழுத்துத் திருப்பிவிடும். ஜப்பானின் சின்னச் சின்ன வயல்களுக்காகச் செய்தது. அதற்குப் பிறகு வந்த எந்தக் கம்பெனி டிராக்டரைவிடவும் சேற்றில் இந்த அச்சு அதிக நாள் தாங்குகிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதிலும் ஓர் இடம் பலவீனம்: ஆயில் சீல். வைக்கோலும் மீன்வலை நூலும் சக்கரத்தின் உள்பக்கம் சுற்றிச் சுற்றி இறுகி, சீலின் உதட்டை அறுக்கும். தண்ணீர் உள்ளே போகும். எண்ணெய்யைத் திறந்துவிட்டால் தே தாரிக் நிறத்தில் வழியும். அந்த நிறத்தைப் பார்த்துவிட்டால் பேச்சே வேண்டாம், பேரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பழுது. நான் சொல்ல வந்தது கண்ணுக்குத் தெரியாதது.

முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெரியது. இரண்டையும் ஒரே கியர்ப் பெட்டியிலிருந்து ஓட்ட வேண்டுமென்றால், பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றி எவ்வளவு தூரம் போகிறதோ அதே தூரத்தை முன்சக்கரமும் போகிற மாதிரி பல் கணக்கு போட வேண்டும். அப்படிச் சமமாகப் போடுவதில்லை. முன்சக்கரம் கொஞ்சம் முந்திப் போகிற மாதிரி, சாதாரணமாக நூற்றுக்கு 1 முதல் 5 வரை அதிகமாக வைப்பார்கள். நாங்கள் இதை வெர்க்‌ஷாப்பில் "முந்தல்" என்போம். முந்தல் இருந்தால் முன்சக்கரம் முதலிலேயே மண்ணைப் பிடித்து இழுக்கும், பாரத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும். முந்தல் போய், முன்சக்கரம் பின்தங்க ஆரம்பித்தால் கதை தலைகீழ். கெட்டித் தரையில் அது பிரேக் மாதிரி வேலை செய்யும். பின்சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டு போகும்.

இந்த முந்தல் கியருக்குள் மட்டும் இல்லை என்பதுதான் விஷயம். பாதி கியரில், பாதி டயரில். டயரின் சுற்றளவு மாறினால் முந்தலும் மாறும். முன் டயர் தேய்ந்தால் முந்தல் குறையும். பின்னால் பெரிய டயர் போட்டால் இன்னும் குறையும். டிராக்டரை வடிவமைத்தவர் இத்தாலியிலோ ஜப்பானிலோ உட்கார்ந்து, இன்ன முன் டயருக்கு இன்ன பின் டயர் என்று ஜோடி போட்டுத்தான் பல் எண்ணிக்கையை முடிவு செய்திருப்பார். கெடாவில் அந்த ஜோடி நிலைப்பதில்லை. ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு 1970-க்குப் போக வேண்டும்.

மூடா சமவெளி கடல் பின்வாங்கிப் போட்டுவிட்டுப் போன களிமண். வான் மாட் சமான் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டிய கால்வாய் முதற்கொண்டு, இங்கே நீரை நிர்வகிப்பதுதான் ஆட்சி. ஆனாலும் 1970 வரை பெரும்பாலான வயல்களில் மழையை நம்பி வருடத்துக்கு ஒரு போகம். அறுப்பு முடிந்தால் மாதக்கணக்கில் வெயில். களிமண் காய்ந்து, கைவிரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அந்தக் காய்ச்சலும், தலைமுறை தலைமுறையாக எருமை மிதித்ததும் சேர்ந்து உழவு ஆழத்துக்குக் கீழே ஒரு கெட்டி அடுக்கை உண்டாக்கியிருந்தன. மேலே எவ்வளவு சேறாக இருந்தாலும் கால் அந்த அடுக்கில் போய் நிற்கும். எருமையும் அதில்தான் நின்றது. முதலில் வந்த இரண்டு சக்கர இழுவை டிராக்டர்களும் அதில்தான் நின்றன.

உலக வங்கி கொடுத்த 45 மில்லியன் அமெரிக்க டாலர் கடனோடு மூடா, பெடு என்று இரண்டு அணை கட்டி, மலைக்குள் சுரங்கம் வெட்டி இரண்டையும் இணைத்தார்கள். 1970-இல் இரண்டாம் போகம் தொடங்கியது. அதே வருடம் மாடா என்ற மூடா வேளாண்மை மேம்பாட்டு வாரியமும் வந்தது. கெடாவும் பெர்லிசும் சேர்ந்த சுமார் 96,000 ஹெக்டர் நிலம். நாட்டின் நெற்களஞ்சியம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்த நெற்களஞ்சியம் இந்த வருடத்தில் பிறந்தது.

இரண்டு போகம் என்றால் காய்வதற்கு நேரம் இல்லை. ஓர் அறுப்புக்கும் அடுத்த உழவுக்கும் இடையில் சில வாரம்தான். அதுவும் இரண்டாம் போகத்து அறுப்பு மழை மாதங்களில் வந்து விழும். வெடித்துக் காய்ந்து இறுகுவது நின்றுபோனது. அதே சமயம் வயலுக்குள் கனம் ஏறியது. எருமைக்குப் பதில் டிராக்டர், அரிவாளுக்குப் பதில் பல டன் எடையுள்ள அறுவடை இயந்திரம். 1975-இல் அநேகமாக எல்லா நெல்லும் கையால் அறுத்து அடித்தது, 1980-க்குள் ஏறக்குறைய 80 விழுக்காடு இயந்திரத்துக்குப் போய்விட்டது என்று ஜேம்ஸ் ஸ்காட் எழுதியிருக்கிறார். 1978 முதல் 1980 வரை இந்தச் சமவெளியின் ஒரு கிராமத்தில் தங்கி அவர் எழுதிய புத்தகம் 1985-இல் வந்தது, கிராமத்துக்கு செடாக்கா என்று மாற்றுப் பெயர் வைத்திருந்தார். நாற்று நடும் பெண்கள், இயந்திரத்தைக் கூப்பிட்டவர்களின் வயலில் நடமாட்டோம் என்று மறைமுகமாக எதிர்த்துப் பார்த்ததை அதில் படிக்கலாம். எதிர்ப்பு நிற்கவில்லை. கொஞ்ச காலத்தில் நடவே குறைந்து, நேரடியாக விதை தூவும் பழக்கம் வந்துவிட்டது. சமூகவியல் படித்தவர்கள் அந்தப் புத்தகத்தைக் கூலிக்காரர்களின் கதையாகப் படிப்பார்கள், சரிதான். நான் அதை மண்ணின் கதையாகவும் படித்தேன். அந்தப் பெண்கள் வயலுக்குள் கொண்டுவந்த பாரம் அவர்களுடைய உடம்பின் எடை மட்டும்தான்.

காயாத மண், மேலே கனம். கெட்டி அடுக்கு பல இடங்களில் உடைந்து கரைந்தது. வயலில் "மென்மண்" இடங்கள் உண்டாயின. இங்கே விவசாயிகளுக்கு அந்த இடங்கள் வீட்டு அறைகள் மாதிரி தெரியும். "அந்தத் தென்னைக்கு நேரா போகாதே தம்பி, விழுங்கிடும்" என்பார்கள். இரண்டு சக்கர இழுவை அங்கே செல்லாது. ஃபெர்குசனின் தந்திரம் அங்கே எதிராகவே வேலை செய்யும்: பாரம் முழுக்கப் பின்சக்கரத்தில் விழுந்தால் பின்சக்கரம் புதையும். அதனால்தான் முன்சக்கர இழுவை இந்த ஊரில் வசதியாக இல்லாமல் கட்டாயமாக ஆனது. சேறு ஆழமாக, டிராக்டரும் பெரிதானது. டிராக்டர் பெரிதாக, சேறும் ஆழமானது. இதில் எது முதலில் என்று கேட்டால் சொல்வது கஷ்டம்.

இப்போது அந்த டயர் ஜோடிக்கு வருவோம். மென்மண்ணில் மாட்டிக்கொள்கிற ஒருவர் முதலில் செய்வது பின் டயரை மாற்றுவது. சாதாரண வயல் டயரின் கட்டை உயரம் போதாது என்று, ஆர்-2 என்கிற கரும்பு, நெல் வயல் டயரைப் போடுவார். அதன் கட்டை ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். பின்னால் போட்டுவிட்டு முன்னால் பழையதையே விட்டுவிடுவார், நான்கும் வாங்கக் காசு வேண்டுமே. சிலர் பின் டயருக்குப் பக்கத்தில் டயரைவிட உயரமான இரும்புக் கூண்டுச் சக்கரத்தை இணைப்பார்கள். இரண்டிலும் பின்சக்கரத்தின் சுற்றளவு கூடும். ஓர் உதாரணக் கணக்கு: முந்தல் நூற்றுக்கு 3 இருந்தது, பின்சக்கரச் சுற்றளவு நூற்றுக்கு 4 கூடிவிட்டது என்றால் முன்சக்கரம் நூற்றுக்கு 1 பின்தங்கிவிட்டது. முன் டயர் தேய்மானத்தையும் சேர்த்தால் இன்னும் மோசம்.

சேற்றில்தான் எப்படியும் சக்கரம் சறுக்குமே, ஒன்று இரண்டு விழுக்காட்டில் என்ன ஆகிவிடும் என்று நானே முதலில் எங்கள் மூத்த மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். அவர் படித்தது படிவம் மூன்று வரை. தோட்டத்தில் பால் வண்டி டிராக்டர் ஓட்டியவரின் மகன். "சறுக்கும்டா. ஆனா யாரு முதல்ல சறுக்குறா, அதப் பாரு" என்றார். கணக்குப் போட்டால் அவர் சொன்னதுதான் வருகிறது. முந்தல் இருக்கும்போது முன்சக்கரம் தொடக்கத்திலேயே பாரத்தை ஏற்கிறது. பின்தங்கிய முன்சக்கரம், பின்சக்கரம் சறுக்கத் தொடங்கிய பிறகுதான் கை கொடுக்கிறது. அதாவது பின்சக்கரம் ஏற்கனவே குழி தோண்டிவிட்ட பிறகு. மிச்சமிருக்கும் கெட்டி அடுக்கை அந்தக் குழி பதம் பார்த்துவிடும். அடுத்த போகத்தில் அதே இடத்தில் சேறு இன்னும் ஒரு சாண் ஆழம். பாக்சிக் இன்னும் பெரிய பின் டயர் தேடுவார்.

சோதிப்பதற்கு மடிக்கணினி வேண்டாம், ஒரு சாக்கட்டி போதும். முன் டயரிலும் பின் டயரிலும் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். காற்று அழுத்தத்தைச் சரி பார்த்துவிட்டு, உறுதியான மண் பாதையில், சாலையில் வேண்டாம், முன் இழுவையை எடுத்துவிட்டு நேராக மெதுவாக ஓட்டி, பின்சக்கரம் 10 சுற்று சுற்றுவதற்குள் முன்சக்கரம் எத்தனை சுற்று என்று கூடவே நடந்து எண்ண வேண்டும். பிறகு இழுவையைப் போட்டு அதேபோல் இன்னொரு தடவை. முதலில் 15, பிறகு 15.4 என்று வந்தால் வித்தியாசம் 0.4, முந்தல் நூற்றுக்கு 2.7 அளவு, நல்லது. இரண்டாவது எண் முதல் எண்ணைவிடக் குறைந்தால் முன்சக்கரம் பின்தங்குகிறது. எந்த கியரையும் கழற்ற வேண்டாம், டயர் ஜோடியைப் பார்க்க வேண்டும். இரண்டு எண்ணும் அப்படியே ஒன்றாக இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முந்தல் சரியாகப் பூஜ்யமாக இருக்கலாம், அல்லது இழுவை உள்ளே சேரவே இல்லாமல் இருக்கலாம்.

சேர்கிறதா என்று பார்க்க வேறு வழி. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கைப் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் இழுவையைப் போட்டு, முன் அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் வைக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுவையைச் சோதிக்கவே கூடாது, பின்சக்கரம் தரையில் இருக்கிறது, வண்டி ஸ்டாண்டை விட்டுப் பாய்ந்துவிடும். இப்போது ஒரு முன்சக்கரத்தைக் கையால் சுற்று. மற்றச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றி, நடுத் தண்டு அசையாமல் இருந்தால் எல்லாம் இணைந்திருக்கிறது. நடுத் தண்டும் கூடவே சுற்றினால், கியர்ப் பெட்டிப் பக்கம் இணைப்பு சேரவில்லை: லீவர் கம்பி துருப்பிடித்திருக்கலாம், ஸ்லீவ் பல் தேய்ந்திருக்கலாம், முள் முறிந்திருக்கலாம். தண்டும் அசையவில்லை, மற்றச் சக்கரமும் அசையவில்லை, ஆனால் இந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறது என்றால் உள்ளே ஓர் அரைத்தண்டோ பல்லோ போய்விட்டது. ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் பெட்டியைப் பிரித்து, மூன்று நாள் வேலைக்குக் கூலி வாங்குகிற இடங்களும் இருக்கின்றன, பெயர் வேண்டாம்.

பட்டன் வைத்த டிராக்டர்களில் இன்னொரு திருப்பம் உண்டு. பட்டனை அமுக்கினால் மின்சாரம் போய் இழுவையைப் போடுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பல டிராக்டர்களில் நேர் எதிர். ஸ்பிரிங்தான் இழுவையைப் போட்டு வைத்திருக்கிறது, எண்ணெய் அழுத்தம் அதை எடுக்கிறது, சொலனாய்டு அந்த எண்ணெய்க்கு வழி விடுகிறது. ஏன் இப்படி? டிராக்டருக்கு பிரேக் பொதுவாகப் பின்சக்கரத்தில்தான். இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிதித்தால் முன் இழுவை தானாகச் சேர்ந்து, முன்சக்கரமும் பிரேக்கில் பங்கு எடுக்கும். மின்சாரம் போனாலும் அந்தப் பாதுகாப்பு போகக்கூடாது என்பதற்காக ஸ்பிரிங்கிடம் கொடுத்தார்கள். மலைச்சரிவில் டிரெய்லர் இழுப்பவர்களை நினைத்து எடுத்த முடிவு இது என்று எனக்குப் படுகிறது. கெடாவில் எலி ஒயரைக் கடித்தால் என்ன நடக்கும்? இழுவை போகாது, எடுக்கத்தான் முடியாது. வயலில் யாருக்கும் தெரியவே தெரியாது. நான்கு கிலோமீட்டர் சாலையில் வீட்டுக்கு ஓட்டி, ஒரு மாதத்தில் முன் டயர் வழுக்கையான பிறகு, தேய்ந்த டயரால் முந்தலும் குறைந்த பிறகு, "டெப்பான் தாக் தாரிக்" என்று வருவார். ஆகவே எந்த வகை என்று தெரியாமல் ஒயரைக் கழற்றிச் சோதித்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது.

செம்பனைத் தோட்டத்துப் புகார் இதற்கு அண்ணன் தம்பி. அங்கே சேறு குறைவு, செம்மண் பாதை இறுகிக் கிடக்கும், பின்னால் குலை ஏற்றிய டிரெய்லர். டிரைவர்கள் காலையில் இழுவையைப் போட்டால் சாயந்திரம்தான் எடுப்பார்கள். கெட்டித் தரையில் முன்சக்கரம் முந்திக்கொண்டே இருக்க, சறுக்கி விடுபட வழியில்லாமல் நடுத் தண்டு முறுக்கேறி நிற்கும். லீவரை எடுத்தால் வராது. கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் முறுக்கு விட்டு "டக்" என்று வந்துவிடும். என் பெரியப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டிய காலத்தில் முன் இழுவையே கிடையாது. மழை நாளில் மேட்டில் ஏற டிரெய்லரில் இருக்கிறவர்கள் எல்லாம் இறங்கித் தள்ள வேண்டும் என்பார். இன்றைக்கு ஓட்டுகிறவர்கள் பலர் வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவர்கள். அவர்களிடம் யாரும் ஏன் எடுக்க வேண்டும் என்று விளக்கிச் சொன்னதில்லை. ஸ்டிக்கர் ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிறது.

பணம் என்று வரும்போதுதான் இந்த வரலாறு எல்லாம் வலிக்கிறது. ஒரு பாக்சிக் புது டிராக்டருக்கு வாரண்டி இருக்கும்போதே முன் அச்சு சத்தம் போடுகிறது என்று போனார். பின்னால் ஆர்-2 போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பரிந்துரைக்காத டயர் என்று விற்ற கம்பெனி கையை விரித்துவிட்டது. சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. ஆனால் பரிந்துரைத்த டயரோடு அவருடைய வயலில் அந்த டிராக்டர் பாதி தூரம்கூடப் போகாது. விற்கும்போதே இரண்டு ஜோடியையும் சேர்த்து, முந்தல் கணக்கோடு, மலாயில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். எந்த முன் டயருக்கு எந்த பின் டயர் என்ற கணக்கு தொழிற்சாலையில் இருக்கத்தான் செய்கிறது. வயல் வரைக்கும் அது வருவதில்லை. வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் தேதி அட்டவணையில் இருக்கிறது, வழக்குப் பேச அந்த வாரத்தில் யாருக்கும் நேரமில்லை. பாக்சிக் கடன் வாங்கி முன் டயரையும் மாற்றினார்.

அண்ணன் அடுத்த வருடம் வேலையை விடுகிறார். அவரிடம் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்று இருக்கிறது. கம்பெனி பெயர், மாடல், முன் டயர், பின் டயர், பத்துக்கு எத்தனை. பக்கம் பக்கமாக, தமிழில், சில இடத்தில் டயர் அளவு மட்டும் எண்ணாக. அதைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து புரியாத இடத்தில் அவரையே கூப்பிட்டுக் கேட்கிறேன். இந்தப் போகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன் இதுவரை ஏழு டிராக்டரை ஓட்டி எண்ணினோம். நான்கில் முந்தல் சரி. இரண்டில் முன்சக்கரம் பின்தங்கியது. ஒன்றில் இரண்டு எண்ணும் ஒன்றாக வந்தது. அதை நாளைக்குத் தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும்.